எட்ட நின்று பார்ப்பது

பறவைப் படம் எடுக்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொன்னால், உடனே வரும் கேள்வி "என்ன லென்ஸ் வச்சிருக்கீங்க?" என்பதுதான். அடுத்தது, "எவ்வளவு கிட்டப் போவீங்க?" யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்வி. பறவைக்கும் நமக்கும் நடுவில் கிடக்கும் தூரத்தை எப்படியாவது தீர்த்துக்கட்ட வேண்டும், அதற்குப் பணத்தைச் செலவழிப்பதா, காலைச் செலவழிப்பதா என்பதுதான் பேச்சு. எனக்கு வர வர இதில் எதிர்க்கட்சி மனநிலை வந்துவிட்டது. அந்தத் தூரத்தை அப்படியே விட்டு வைத்தால்தான் பார்க்க ஏதாவது கிடைக்கிறது. படமும் உருப்படியாக வருகிறது.

சமீபத்தில் ஒரு சதுப்புநிலச் சரணாலயத்தில் நண்பருடன் ஒரு காலைப்பொழுது முழுக்க நடந்தேன். நடந்தேன் என்பதைவிட அங்கங்கே நின்றேன் என்று சொல்வதே பொருத்தம். ஒரு பக்கம் முழங்கால் ஆழம்கூட இல்லாத நீர்ப்பரப்பு. மறுபக்கம் சம்பும் நாணலும் மண்டிய சேறு. நடுவில் மண்கரை. கரையிலேயே போய்க் கரையிலேயே திரும்ப வேண்டும், வேறு வழி கிடையாது. வேகமாக நடப்பவர் அரை மணியில் முடித்துவிடுவார். நாங்கள் வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

உள்ளே போனதும் முதல் அரை மணி நேரம் கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் இருப்பது என் வழக்கம். நண்பருக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. "அதுக்குள்ள ஏதாவது வந்துட்டுப் போயிடுச்சுன்னா?" என்பார். போகட்டும். விடிகிற நேரத்தில் வெளிச்சம் எப்படியும் போதாது. ஷட்டரை வேகமாக வைத்தால் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், எகிறிப் படமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும். அந்த நேரத்தை பைனாகுலருக்குக் கொடுப்பது மேல். நான் வைத்திருப்பது 8×42. எட்டு மடங்கு பெருக்கம், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். 42ஐ எட்டால் வகுத்தால் ஐந்துக்குச் சற்று மேல். கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். மங்கலில் நம் கண்பாவை விரிந்து கிடக்கும்போது இந்த ஐந்து மில்லிமீட்டர் பெரிய உதவி. பத்து மடங்கு பைனாகுலர் இன்னும் பெரிதாகக் காட்டும்தான், ஆனால் கை நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கிக் காட்டும்.

அந்த அரை மணியில் பார்க்க வேண்டியது எந்தப் பறவை என்பதைவிட, யார் எங்கே என்ன வேலையாக இருக்கிறார்கள் என்பது. நெடுங்கால் உள்ளான்கள் எந்தத் திட்டில் மேய்கின்றன, நீர்க்காகங்கள் எந்தக் கழியில் உட்கார்கின்றன, சூரியன் எந்தப் பக்கம் எழும்பும், அப்போது நம் முதுகுக்குப் பின்னால் ஒளி வர வேண்டுமானால் கரையில் எங்கே நிற்க வேண்டும். இது தெரிந்துவிட்டால் பிறகு ஓட வேண்டியதில்லை. ஓடினாலும் பயனில்லை. துரத்திப் போய் எடுக்கிற படத்தில் பெரும்பாலும் பறவையின் பின்பக்கம்தான் இருக்கும்.

கரையின் தொடக்கத்திலேயே மடையான் என்கிற சின்னக் கொக்கு ஒன்று இருந்தது. சேற்று நிறம், புல் நிறம், கழுத்தெல்லாம் பழுப்புக் கோடுகள். அசையாமல் இருந்ததால் அது இருப்பதே தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் போன ஒருவர் கைபேசியில் பேசியபடி அதன் பக்கத்திலேயே கடந்து போனார். மடையான் கண்டுகொள்ளவில்லை. பின்னால் வந்த நாங்கள் அவரைவிட இரண்டு மடங்கு தள்ளி நின்று அதைப் பார்த்தோம், அவ்வளவுதான், எழும்பிவிட்டது. எழும்பியதும் அந்தச் சேற்று உருவத்திலிருந்து பளீரென்று இரண்டு வெள்ளை இறக்கைகள். கடந்து போகிற ஆளைப் பற்றிப் பறவைக்கு அக்கறை இல்லை. நடையை நிறுத்தி, முகத்தைத் திருப்பி, உற்றுப் பார்க்கிற ஆள்தான் ஆபத்து. வேட்டையாட வருகிற எதுவும் அப்படித்தானே செய்யும்! கேமராவின் முன்கண்ணாடியோ நம் கண்ணைவிடப் பல மடங்கு பெரிய கண். அதை நேராக நீட்டினால் என்ன நினைக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நிற்க வேண்டுமானால் பறவைக்கு நேரே நிற்கக் கூடாது. கொஞ்சம் முன்பாகவோ தாண்டியோ நின்று, வேறு பக்கம் பார்த்தபடி இருந்து, கேமராவை மெதுவாக உயர்த்த வேண்டும். நேர்கோட்டில் போகாமல் சாய்வாக, வளைந்து போவது நல்லது. உட்கார்ந்துவிட்டால் இன்னும் நல்லது. நின்றுகொண்டிருக்கும் மனித உருவம் எல்லாப் பறவைக்கும் அத்துப்படி. தரையோடு தரையாகக் குந்தியிருக்கும் மூட்டையை அவை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. அது மட்டுமில்லாமல், லென்ஸ் பறவையின் கண் மட்டத்துக்கு வந்துவிடும். மேலிருந்து எடுத்தால் பின்னணி முழுக்கச் சேறாக இருக்கும். மட்டத்தில் எடுத்தால் பின்னணி எட்டப் போய் மங்கலாகிவிடும்.

ஓர் ஆள் நெருங்கும்போது எத்தனை மீட்டரில் பறவை பறந்து தப்புகிறது என்பதை அளந்து ஆய்வு செய்பவர்கள் இருக்கிறார்கள். பொதுவாக உடல் பெரிதாகப் பெரிதாக இந்தத் தூரமும் கூடும். கரிச்சான் கையெட்டும் தூரத்தில் கம்பியில் உட்கார்ந்திருக்கும். நாரை அந்தக் கோடியிலேயே கிளம்பிவிடும். ஆனால் நமக்குப் பயன்படுவது அந்தக் கடைசி எண் இல்லை, அதற்கு முன்னால் நடப்பவை. பறவை பறப்பதற்கு வெகு முன்பே, உன்னைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிடும்.

நெடுங்கால் உள்ளானை வைத்து இதைப் படிப்பது சுலபம். கறுப்பு வெள்ளை உடம்பு, ஊசி மூக்கு, உடம்புக்குச் சற்றும் பொருந்தாத நீளச் சிவப்புக் கால்கள். அந்தக் கால் பின்பக்கமாக மடிவதைப் பார்த்து முட்டி தலைகீழாக இருக்கிறது என்று சொல்வார்கள். மடிவது முட்டியே இல்லை, கணுக்கால். முட்டி மேலே இறகுக்குள் இருக்கிறது. ஒரு கூட்டம் எங்களுக்கு இடப்பக்கத் திட்டில் மேய்ந்துகொண்டிருந்தது. குனிவது, கொத்துவது, ஓரடி வைப்பது, குனிவது. நாங்கள் கரையில் இன்னும் கொஞ்சம் முன்னேறினோம். ஓரத்தில் இருந்த ஒன்று கொத்துவதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நிமிர்த்தியது. அதுதான் முதல் சொல். அங்கேயே நின்றுவிட்டால் சிறிது நேரத்தில் அது மறுபடி குனிந்துவிடும். இன்னும் ஓரடி வைத்தால் தலையை மேலும் கீழுமாக வெட்டி வெட்டி ஆட்டும். அடுத்து, பறக்காமல் நடந்தே விலகும், எதிர்த் திசையில், அவசரம் இல்லாததுபோல. அதற்கும் மசியாமல் போனால் ஒன்று கத்தும், மொத்தக் கூட்டமும் எழும்பும்.

நாங்கள் முதல் சொல்லிலேயே நின்றோம். நின்று, உட்கார்ந்து, பேசாமல் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்த கழுத்து குனிந்தது. பிறகு நடந்ததுதான் எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் பிடித்த விஷயம். மேய்ந்தபடியே அவை எங்களை நோக்கி வந்தன. நாம் குறைக்க நினைக்கும் தூரத்தை, சும்மா இருந்தால், பல நேரம் பறவையே குறைத்துவிடுகிறது. அதுவாக வந்த பறவையின் முகத்தில் பதற்றம் இருக்காது. இறகு படிந்திருக்கும், கழுத்து இயல்பாக வளைந்திருக்கும், வாயில் புழு இருக்கும். படத்தைப் பார்க்கிறவருக்குப் பறவை பற்றி ஒன்றுமே தெரியாவிட்டாலும் இந்த வித்தியாசம் தெரியும்.

இதில் பறவையின் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு. குளிர்காலத்தில் வந்து தங்கும் கரைப்பறவைகள் ஊர் சுற்றிப் பார்க்க வருவதில்லை. திரும்பிப் போக உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டும், அதற்காக நாள் முழுக்கத் தின்ன வேண்டும். 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் என்கிற கரைப்பறவை ஒன்று, பிறந்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்காது, அலாஸ்காவிலிருந்து கிளம்பி 11 நாள் எங்கும் இறங்காமல் பசிபிக் கடலைத் தாண்டி டாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர். உடம்பில் பொருத்தியிருந்த கருவி காட்டிய கணக்கு இது. இப்படிப் பறப்பதற்கு முன் அந்த இனப் பறவை வயிற்று உறுப்புகளையே சுருக்கிக்கொள்கிறது, எடை குறைய வேண்டுமே. அந்த மாதிரிக் கணக்கில் வாழ்கிற ஓர் உயிரை, ஒரு படத்துக்காக நாலு முறை எழுப்பிப் பறக்கவிட்டால் அது யார் கணக்கில் கழிகிறது? ஒருமுறை எழுப்பினால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் அன்று அந்தக் கரையில் அந்த ஒருமுறையோடு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பறவைதான் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, லென்ஸ் கேள்விக்கு வருகிறேன். பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவே உள்ள முழுச்சட்டக சென்சாரில் 500 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால், 20 மீட்டர் தூரத்தில் சட்டத்தின் அகலம் ஏறக்குறைய 1.4 மீட்டர். நெடுங்கால் உள்ளானின் உயரம் ஒன்றேகால் அடி இருக்கும். ஆக, சட்டத்தின் உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அது நிற்கும். எனக்கு இது போதும். பத்து மீட்டருக்குப் போனால் சட்டம் பாதியாகும், பறவை கொஞ்சம் அசைந்தாலும் கால் வெட்டுப்படும். நாற்பது மீட்டரில் பறவை சிறிதாகிவிடும், ஆனால் அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது தெரிய ஆரம்பிக்கும். நாற்பதுக்கு மேல் லென்ஸின் விலை உதவாத இடம் வந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் காற்று. வெயில் ஏறியதும் சூடான நீர்ப்பரப்புக்கு மேல் காற்று நெளிய ஆரம்பிக்கும், எந்த ஃபோகஸும் அங்கே கூர்மையாகாது. படம் ஏன் மொழுமொழுவென்று வருகிறது என்று லென்ஸைச் சந்தேகிப்பவர்கள், காலை ஏழு மணிக்கு அதே இடத்தில் அதே லென்ஸில் எடுத்துப் பார்க்கலாம்.

வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இருண்ட நாணல் பின்னணியில் சின்னதாக ஒரு கொக்கு நின்றால், கேமரா இருட்டைப் பார்த்துப் படத்தை வெளிச்சமாக்கும், கொக்கு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, ஒரு படி குறைக்க வேண்டும், சில நேரம் அதற்கும் மேல். அதே கொக்கு சட்டம் முழுக்க நிறைந்தால் நிலைமை தலைகீழ். கேமரா வெள்ளையைப் பார்த்து இருட்டாக்கும், இப்போது கூட்ட வேண்டும். வானத்துக்கு எதிரே உட்கார்ந்த நீர்க்காகத்துக்கும் கூட்ட வேண்டும். இதை மனப்பாடம் செய்வதைவிட படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் இடிக்கிறதா என்று பார்ப்பது எளிது. பறப்பதற்கு நொடியில் 2000இல் ஒரு பங்கு ஷட்டர், மீன்கொத்தி பாய்வதற்கு அதையும் தாண்டி. சத்தமில்லாத மின்னணு ஷட்டர் பறவையைத் தொந்தரவு செய்யாது, ஆனால் பல கேமராக்களில் வேகமாக அடிக்கும் இறக்கையைக் கோணலாக வளைத்துவிடும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம். மீதியெல்லாம் உட்காருகிற வேலை.

உட்கார்ந்த இடத்தில் கிடைத்ததைச் சொல்ல வேண்டும். கரை வளையும் இடத்தில் தண்ணீருக்குள் பட்டுப்போன மரம் ஒன்று. அதன் அடியில் தண்ணீரிலிருந்து ஒரு கழுத்து மட்டும் எழுந்தது. பாம்புத்தாரா. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க, மெல்லிய கழுத்தும் ஈட்டி மூக்கும் மட்டும் வெளியே. மற்ற பல நீர்ப்பறவைகள்போல இதன் இறகு தண்ணீரை முழுதாக விலக்காது, நனைந்துவிடும். நனைவதால்தான் சுலபமாக மூழ்க முடிகிறது. அதற்கான விலையாகத்தான் பிறகு இறக்கையை விரித்து வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து காய வேண்டியிருக்கிறது.

மூழ்கியது. மேலே வந்தபோது மூக்கில் ஒரு மீன். பிடித்திருக்கவில்லை, குத்தியிருந்தது. பாம்புத்தாராவின் கழுத்து எலும்புகளில் ஒரு சிறப்பு வளைவு இருக்கிறது. கழுத்தை ஆங்கில எழுத்து எஸ் போல மடக்கி வைத்திருந்து சட்டென்று நீட்டும்போது மூக்கு ஈட்டியாகப் பாயும். சரி, குத்தியாகிவிட்டது. ஈட்டியில் குத்திய மீனை எப்படித் தின்பது? அது மரக்கிளையில் ஏறியது. மீனைக் கிளையில் தட்டியது. ஒருமுறை, இன்னொரு முறை. மீன் மூக்கின் நுனிப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. தலையை உதறியது. இன்னும் கொஞ்சம். பிறகு ஒரே வீச்சில் மீனைக் காற்றில் எறிந்து, கீழே வரும்போது வாயைத் திறந்து பிடித்தது. மீன் குறுக்காக விழுந்தது. மறுபடி எறிந்தது. இந்த முறை தலை முதலில் உள்ளே போக வேண்டும், வால் முதலில் போனால் செதிலும் துடுப்பு முள்ளும் தொண்டையில் மாட்டும். மூன்றாவது எறிதலில் மீனின் தலை உள்ளே இறங்கியது. அந்த மெல்லிய கழுத்தில் ஒரு புடைப்பு மெதுவாகக் கீழே போவது பைனாகுலரில் தெளிவாகத் தெரிந்தது.

மீன் காற்றில் இருக்கும் படம் நண்பருக்குக் கிடைத்தது. எனக்கு அந்தப் புடைப்பு கிடைத்தது. எது நல்ல படம் என்று இப்போதும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை.

தாழைக்கோழியிடம் ஒரு வித்தை இருக்கிறது, படம் எடுப்பவர்களுக்கு உதவும். நடக்கும்போது தலையை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி நடக்கும், புறாவைப் போல. உற்றுப் பார்த்தால் அது பின்னால் ஆட்டுவதே இல்லை. தலையை முன்னே நீட்டி ஓரிடத்தில் அப்படியே நிறுத்துகிறது. உடம்பு நடந்து வந்து தலையை எட்டுகிறது. மறுபடி தலை முன்னே போகிறது. தலை நிற்கும் அந்தக் கணத்தில் கண்ணுக்குக் காட்சி ஆடாமல் இருக்கும். 1978இல் வெளிவந்த ஓர் ஆய்வில் புறாவை நகரும் பட்டையில் நடக்கவிட்டார்கள். கால் நடக்கிறது, ஆனால் சுற்றியுள்ள காட்சி நகரவில்லை. தலையாட்டல் நின்றுவிட்டது. ஆக இது நடையின் குலுக்கல் இல்லை, பார்வைக்கான ஏற்பாடு. நமக்கு இதில் லாபம், பறவை தனக்காகத் தலையை நிறுத்தும் நேரத்தில் ஷட்டரை அழுத்தினால் நம் படமும் ஆடாது. தாளம் பிடிபட்டுவிட்டால் பர்ஸ்டில், அதாவது ஒரே அழுத்தில் தொடர்ந்து பல படங்களாக, சுட்டுத் தள்ள வேண்டிய அவசியமே இல்லை.

மஞ்சள் மூக்கு நாரைகள் கொஞ்சம் தள்ளி, கலங்கிய தண்ணீரில் வாயைப் பாதி திறந்து அமிழ்த்தி வைத்துக்கொண்டு நடந்தன. கண்ணால் தேடவில்லை. மீன் வந்து மூக்கில் பட்டதும் மூடிக்கொள்ளும். இதே பேரினத்தைச் சேர்ந்த அமெரிக்க நாரை ஒன்றின் மூக்கு, மீன் பட்டதிலிருந்து 25 மில்லிநொடிக்குள் மூடிவிடுகிறது என்று 1963இல் வெளிவந்த ஆய்வில் அளந்திருக்கிறார்கள். நாம் கண் சிமிட்டுவது இதைவிடப் பல மடங்கு மெதுவானது. அந்தக் கணத்தை எடுக்க முயன்று கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். நான் முயலவே இல்லை.

பறவைக்குத் தெரியாமல் கிட்டப் போவது என்பது பழைய ஆசை. இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள், ரிச்சர்டும் செர்ரியும், கேமராக்கள் மரப்பெட்டியாக இருந்த காலத்தில், மாடு ஒன்றைப் பாடம் செய்து அதன் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டு பறவைப் படம் எடுத்தார்கள். இன்றைய மறைப்புக் கூடாரங்களுக்கெல்லாம் அந்த மாடுதான் மூதாதை. இன்னொருவர் எரிக் ஹாஸ்கிங். 1937இல் ஓர் ஆந்தையின் கூட்டருகே அமைத்திருந்த மறைவிடத்துக்கு இருட்டில் போனபோது ஆந்தை பாய்ந்து தாக்கியதில் இடது கண்ணை இழந்தார். அதன் பிறகும் வாழ்நாள் முழுக்கப் பறவைப் படங்கள் எடுத்தார் என்பது வேறு விஷயம். ஆந்தையின் பக்கம் தப்பே கிடையாது. குஞ்சு இருக்கிற வீட்டுக்கு இருட்டில் ஆள் வந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்!

கூடு என்றதும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். கரையின் ஓரத்தில் ஓரிடத்தில் இரண்டு ஆள்காட்டிகள் எங்கள் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தின. ஒன்று கொஞ்சம் தள்ளி இறங்கி, இறக்கையைத் தொங்கவிட்டு நொண்டியது. அடிபட்டிருக்கிறது என்று நம்ப வைத்து நம்மை அந்தப் பக்கம் இழுக்கும் நாடகம் அது. அந்த நாடகத்தை நிதானமாகப் படம் பிடிக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஆள்காட்டி கூடென்று எதையும் கட்டாது. தரையில் சின்னக் குழி, அதில் கல்லும் மண்ணும் நிறத்தில் முட்டைகள். தேடிக் கண்டுபிடித்துப் பார்க்கிறேன் என்று அங்கே சுற்றுகிற ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் கிடக்கிறது, அல்லது காக்கைக்கு வழி தெரிகிறது. காக்கை மனிதர்கள் குனிந்து பார்க்கும் இடங்களை நன்றாகக் கவனிக்கும். நாங்கள் எங்கே நின்றிருந்தோமோ அங்கிருந்தே கரையின் மறு ஓரத்துக்கு ஒதுங்கி, வேகமாகக் கடந்து போனோம். அந்த இடத்தில் மட்டும் வேகமாக நடப்பது சரி.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இதே ரகம். தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று அது பாட்டை விட்டு, தீனியை விட்டு, சண்டைக்கு வருகிறது. வந்து பார்த்தால் எதிரி ஒரு கைபேசி. படம் நன்றாகவே வரும், அதை மறுக்கவில்லை. மார்பை நிமிர்த்தி, வாயைத் திறந்து, கம்பீரமாக இருக்கும். அது கம்பீரம் இல்லை, கலக்கம் என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தப் படங்களை ரசிக்க முடியவில்லை.

இன்னொரு விஷயத்தில் பலரோடு முரண்படுவேன். இப்போது நல்ல பறவைப் படம் என்றால் பறவை சட்டத்தை நிறைக்க வேண்டும், பின்னணி ஒரே நிறத்தில் வழவழவென்று கரைந்திருக்க வேண்டும், குறுக்கே ஒரு குச்சிகூட வரக் கூடாது. இறகின் ஒவ்வொரு இழையும் தெரியும். எங்கே எடுத்தது என்று மட்டும் தெரியாது. சதுப்பா, வயலா, பூங்காவா? என்ன தின்கிறது? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? ஒன்றும் தெரியாது. அப்படி ஒரு படம் எடுப்பது கஷ்டம், அந்தத் திறமையை மதிக்கிறேன். ஆனால் எனக்குப் பிடித்தது நாற்பது மீட்டர் படம். பறவை சின்னதாக, இடம் பெரிதாக. சேற்றில் கால் தடம், தண்ணீரில் நிழல், பின்னால் வேறு இரண்டு இனம். அன்று எடுத்த நெடுங்கால் உள்ளான் கூட்டத்துப் படம் ஒன்றைக் கணினியில் பெரிதாக்கியபோது, எடுக்கையில் கண்ணில் படாத முக்குளிப்பான் ஒன்று ஓரத்தில் மூழ்கப் போகும் நிலையில் இருந்தது. அதன் பின்னால் நாணலில் வக்கா என்கிற இராக்கொக்கு ஒன்று, சிவப்புக் கண் மட்டும் தெரிய. பின்னணியைக் கரைத்திருந்தால் இரண்டுமே போயிருக்கும்.

வெயில் ஏறியதும் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று நாணலுக்கு மேல் தாழ்வாக மிதந்து வந்தது. திட்டில் இருந்த எல்லாம் ஒரேயடியாக எழும்பின. நாங்கள் காலை முழுக்க எழுப்பாமல் காப்பாற்றிய கூட்டத்தை அது ஒரு நொடியில் எழுப்பிவிட்டது, அது அதன் உரிமை. அந்தக் களேபரத்தில் வாய்க்கால் ஓரத்திலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று வளைந்து வளைந்து உயரப் பறந்தது. நண்பர் சற்று முன்னால் அதே வாய்க்காலில் வேறு வகை உள்ளான் ஒன்றை எடுத்திருந்தார். நான் பறந்ததைப் பார்த்துக் குத்துமதிப்பாக அழுத்தினேன்.

திரும்பி வந்து பட்டியல் போட உட்கார்ந்தோம். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் அமெரிக்காவின் ஆடுபான் அமைப்பும் 2002இல் தொடங்கிய ஈபேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில்தான் இருவரும் பதிவு செய்கிறோம். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், என்னென்ன, எத்தனை. உலகம் முழுக்க இப்படிச் சேரும் பட்டியல்களிலிருந்துதான் எந்தப் பறவை எந்த மாதம் எங்கே இருக்கிறது என்ற வரைபடங்கள் உருவாகின்றன. ஆபத்தில் இருக்கும் சில இனங்களின் துல்லியமான இடத்தை ஈபேர்டே மறைத்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படி மறைக்கப்படும் இனங்களில் ஆள்காட்டி வராது. அதன் குழி இருந்த இடத்தைக் குறிப்பில் எழுதாமல் விடுவது நம் வேலை.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது, வாய்க்கால் உள்ளானில் முட்டிக்கொண்டோம். நண்பரின் படம் கண்ணாடி மாதிரி கூர்மை. பறவை கரையோரம் நிற்கிறது, கண்ணில் ஒளிப்புள்ளி விழுந்திருக்கிறது, பின்னணி வழவழ. பொரி உள்ளான் என்றார் அவர். முதுகில் வெள்ளைப் பொரிகள் இருக்கின்றனவே என்று காட்டினார். இருந்தன. ஆனால் அதைப்போலவே தெரியும் பச்சை உள்ளானுக்கும் இருக்கும், கொஞ்சம் சின்னதாக. பொரி உள்ளானுக்குப் புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். இதில் கண்ணோடு நின்றுவிட்டதுபோல எனக்குத் தோன்றியது. நிழல் விழுந்திருக்கிறது, அதான் தெரியவில்லை என்றார். கால் மஞ்சள் கலந்து நீளமாக இருக்க வேண்டுமே என்றேன். கால் பாதி தண்ணீரில் இருந்தது.

என் படத்தை எடுத்தேன். கலைந்த படம். ஃபோகஸ் பின்னாலிருந்த நாணலில், பறவை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, ஆடியிருந்தது. ஆனால் இறக்கையை உயர்த்திய கணம். இறக்கையின் அடிப்பக்கம் தெரிந்தது, கரி பூசியதுபோல. பொரி உள்ளானுக்கு அடியிறக்கை வெளுத்திருக்கும். பச்சை உள்ளானுக்குத்தான் கறுப்பு.

"அது வேற பறவையா இருக்கலாம்ல?" என்றார் நண்பர். அதே வாய்க்கால், அதே மூலை, நடுவில் சில நிமிடம்தான். ஆனாலும் அவர் கேட்டது நியாயமான கேள்வி. என் பட்டியலில் பச்சை உள்ளான் என்று போட்டு அந்தக் கலைந்த படத்தை இணைத்தேன். அவர் பட்டியலில் இனம் குறிப்பிடாமல் உள்ளான் என்று மட்டும் இருக்கிறது.